கோட்டுக்குக் கீழே

கதை எழுதுகிறவனுக்கு அடிக்குறிப்பு ஜன்ம விரோதி. கதாநாயகி நள்ளிரவில் அகழியை நீந்திக் கடந்து கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி தலைகாட்டினால் போதும். வாசகர் அவளை நடுத் தண்ணீரில் விட்டுவிட்டுப் பக்கத்தின் அடிக்கு இறங்குவார். அந்த அகழியைப் பற்றி எந்தச் சாசனம் என்ன சொல்கிறது என்று படிப்பார். மறுபடி மேலே ஏறி வருவதற்குள் அவள் கரை ஏறி, தலை துவட்டி, வேறு வேலை பார்க்கப் போயிருப்பாள். பத்திரிகைகளில் சரித்திரத் தொடர்கதை எழுதிய பெரியவர்கள் இந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. என் நாவல்களில் கோட்டுக்குக் கீழே ஒரு வரிகூட இருக்காது.

ஆனால் சரித்திரம் எழுதுகிறவனுடைய சமாசாரம் வேறு. அவனுக்குக் கோட்டுக்குக் கீழே உள்ளதுதான் பத்திரம், பட்டா, ரசீது எல்லாம். ரசீதை எங்கே வைப்பது என்பதில் பெரிய பெரிய மனிதர்களே முட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1776-ஆம் வருஷம் எட்வர்ட் கிப்பன் ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியைப் பற்றிய தமது மகா கிரந்தத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். குறிப்புகளையெல்லாம் திரட்டிப் புத்தகத்தின் கடைசியில் போட்டிருந்தார். டேவிட் ஹியூம் அதைப் படித்தார். தத்துவ ஞானி என்று நாம் அறிந்த அதே ஹியூம்தான். அவரும் ஒரு சரித்திராசிரியர். உடல் நலிந்து, இன்னும் சில மாதங்களே உயிரோடிருக்கப் போகிற நிலைமை. அந்த நிலைமையிலும் அச்சிட்ட ஸ்டிராஹனுக்கு ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தைப் புகழ்ந்தார், கூடவே, குறிப்பு வரும்போதெல்லாம் கடைசிப் பக்கத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, ஓடிப்போய்ப் பார்த்தால் பல சமயம் அங்கே ஒரு புத்தகத்தின் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை, இவற்றைப் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ போடலாகாதா என்று குறைப்பட்டுக்கொண்டார். கிப்பன் கேட்டுக்கொண்டார். பிந்திய பதிப்பில் குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு வந்து சேர்ந்தன. கிப்பனைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த அடிக்குறிப்புகளின் குறும்புக்காகவே படிக்கிறார்கள் என்று கேள்வி. சாகிற மனிதரின் ஒரு முணுமுணுப்புக்கு நாம் அவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் ஊரில் எதிர் வீட்டு மாடியில் இருக்கும் ஒரு பிள்ளையாண்டான். எங்கள் ஊர் வரிச்சிக்குடி. காரைக்காலுக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டிய கிராமம். அவன் செய்கிற உத்தியோகம் அச்சுக்கோப்பு. ஆனால் அவன் கையில் ஈயமும் இல்லை, மையும் இல்லை. கம்ப்யூட்டரில் வெளிநாட்டு ஆராய்ச்சிப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறான். நெல் வயலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் எழுதிய கணிதப் புத்தகத்தின் அடிக்குறிப்புகளை அரை பாயிண்ட் மேலே ஏற்றி, அரை பாயிண்ட் கீழே இறக்கிக்கொண்டிருப்பான். அவனுடைய விவகாரத்துக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால் வண்டியை வடக்கே கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும்.

நண்டலாற்றைத் தாண்டினால் பொறையாறு. அதை ஒட்டித் தரங்கம்பாடி. காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வருவதற்கு வெகு முன்பே அங்கே டேனிஷ்காரர் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரையில் இருந்தார்கள். 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் சீகன்பால்கு என்ற இளம் பாதிரியார் அங்கே கப்பலிலிருந்து இறங்கினார். 1712-இல் லண்டன் கிறிஸ்தவ சங்கம் ஒன்று அவருக்கு ஓர் அச்சு யந்திரத்தை அனுப்பி வைத்தது. மறு வருஷம் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. தமிழை அச்சிட்ட முதல் பெருமை 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சிட்டவர்களுக்கே உரியது, அதில் தகராறு இல்லை. ஆனாலும் தமிழ் அச்சு நிலையாக வேரூன்றியது தரங்கம்பாடியில்தான்.

வந்த எழுத்துக்களைப் பார்த்ததும் ஒரு சங்கடம். அவை மிகவும் பெரியவை. வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதத்துக்கு எங்கே போவது? காகிதமோ கப்பலில் வர வேண்டும். ஆகவே ஆட்லர் என்ற ஜெர்மானியர் உள்ளூரிலேயே சிறிய எழுத்தை வார்த்தெடுத்தார். சங்கத்தார் அனுப்பிய பாலாடைக் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கித்தான் முதலில் வார்த்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. கதையாக இருந்தாலும் ருசியான கதை. 1714-இல் முதற் பகுதி வெளிவந்தது. 1715-இல் மீதி, சிறிய எழுத்தில். பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் ஏற்பட்டது.

இந்தச் சிறிய எழுத்து விஷயத்தை நான் இழுத்து வளர்த்துவதற்குக் காரணம் உண்டு. அடிக்குறிப்பு என்ற பிராணி பிறப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை: ஒரே பக்கத்தில் இரண்டு அளவு எழுத்துக்கள் வேண்டும். மேலே பேசுகிறவர் உரத்த குரலில் பேச வேண்டும். கீழே இருப்பவர் காதோடு சொல்ல வேண்டும். ஒரே அளவு எழுத்துதான் இருக்கிறது என்றால் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் கத்துவார்கள். அந்த வகையில், காகிதச் சிக்கனத்துக்காகத் தரங்கம்பாடியில் வார்த்த சின்ன எழுத்து, தமிழ்ப் பக்கத்துக்குக் கீழ் ஸ்தாயி உண்டாக வழி செய்தது என்பது என் கட்சி. பண்டிதர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை.

அதற்கு முன்னால் ஓலைச் சுவடியில் என்ன செய்தார்கள்? ஓலைக்கு அடியும் கிடையாது, ஓரமும் கிடையாது. ஒரு விரல் இரு விரல் அகலத்தில் எழுத்தாணி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே உரையாசிரியர்கள் அடிக்குறிப்பை உரைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். இந்தச் சொல்லுக்கு வேறு பாடம் ஓதுகிறவர்களும் உண்டு, அது பொருந்தாது என்று பரிமேலழகர் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாரே, அது அடிக்குறிப்பு அல்லாமல் வேறென்ன? கோடுதான் இல்லை.

ஏட்டில் எழுதும் வழக்கத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பாடபேதத்தின் அருமை தெரியும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். வைத்தால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். அந்த வித்தியாசத்தைச் சீர்திருத்தி வகுத்த பெருமையை வீரமாமுனிவருக்குக் கொடுப்பது வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். ‘வரகு’ என்று ஒருவர் படிக்கும் எழுத்துக்களை மற்றொருவர் ‘வாகு’ என்று படிக்கலாம். ஒன்று புன்செய்த் தானியம், மற்றொன்று தோள். பாட்டிலே தலைவன் எதைத் தட்டிக்கொண்டு நின்றான் என்பது பதிப்பாசிரியரின் தீர்ப்பைப் பொறுத்தது! ஆக, ஓலையிலிருந்து அச்சுக்கு வந்த ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் கொடுத்த தீர்ப்பு. தள்ளுபடியான கட்சி என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வாசகருக்கு இருக்கும் ஒரே சாளரம் அந்தப் பக்கத்தின் அடிதான்.

இதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டிக் கொடுத்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். 1880-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், அவர் சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்டதும், அதிலிருந்து ஐயரவர்களின் வாழ்க்கையே திரும்பியதும் எல்லோரும் அறிந்தது. ‘என் சரித்திர’த்தில் அவரே எழுதியிருக்கிறார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. அவருக்கு முன்பும் சமகாலத்திலும் ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் செய்த உபகாரம் சாமானியமானதல்ல. ஆனால் ஐயரவர்களின் பதிப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த அடிப்பகுதியின் கனம்தான். ஒரு சொல்லாட்சி வேறு எந்த நூலில் வந்திருக்கிறது, ஓர் அடியை எந்த உரையாசிரியர் மேற்கோள் காட்டியிருக்கிறார் என்றெல்லாம் அங்கே இருக்கும். பிறகு பிறை வளைவுக்குள் ‘பி-ம்.’ என்று இரண்டே எழுத்துச் சுருக்கம். பிரதிபேதம் என்று அர்த்தம். அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் சில சமயம் ஒரே ஒரு சொல்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எத்தனை மாட்டு வண்டிப் பிரயாணம் செய்திருப்பார் என்பதை அச்சு சொல்லாது.

எங்கள் பக்கத்துச் சம்பவம் ஒன்று. பத்துப்பாட்டில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு இருக்கிறதல்லவா, தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்லுகிற பாட்டு, அந்தப் பகுதி ஐயரவர்களுக்குக் கிடைத்த ஏடுகளில் சிதைந்திருந்தது. சில பூக்களின் பெயர்கள் ஓலையோடு உதிர்ந்து போயிருந்தன. தேடித் தேடிக் கடைசியில் மாயூரத்துக்குப் பக்கத்திலுள்ள தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை அகப்பட்டன. காரைக்காலிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணம், அவ்வளவுதான். அந்த மடத்து ஏட்டை ஒரு வருஷம் முந்திக் கரையான் கண்டிருந்தால், நாம் இன்று சில பூக்கள் குறைவான பாட்டைத்தான் படித்துக்கொண்டிருப்போம். குறைவு என்பதே நமக்குத் தெரிந்திருக்குமா என்பது, கீழே ஒருவர் நேர்மையாகக் குறித்து வைத்தாரா என்பதைப் பொறுத்தது.

சரி, ஐயரவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார். அச்சுக் கோத்தவர் கதி என்ன? ஈய எழுத்துக் காலத்தில் அடிக்குறிப்புள்ள புத்தகத்துக்குப் பக்கம் கட்டுவதைப் போன்ற உபத்திரவம் வேறு கிடையாது. கம்பாசிட்டர் முதலில் நூலை ஓர் அளவு எழுத்திலும் குறிப்புகளைச் சிறிய எழுத்திலும் தனித்தனியாகக் கோத்து வைப்பார். பிறகு பக்கமாகப் பிரிக்க வேண்டும். பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி என்று வைத்துக்கொள்வோம். முப்பதாவது வரியில் ஒரு நட்சத்திரக் குறி வருகிறது. அதற்குரிய குறிப்பு, கோட்டையும் சேர்த்து, மூன்று வரி இடத்தை அடைக்கும். அப்படியானால் மேலே இருபத்தொன்பது வரிக்குத்தான் இடம். முப்பதாவது வரி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். அது போனால் அதிலுள்ள நட்சத்திரக் குறியும் போகும். குறி போனால் குறிப்பும் பின்னாலேயே போகும். குறிப்பு போய்விட்டபடியால் இந்தப் பக்கத்தில் மூன்று வரி காலி! காலியாக இருக்கிறதே என்று முப்பதாவது வரியைத் திரும்ப அழைத்தால், குறிப்பும் கூடவே வந்து நிற்கும். மறுபடி இடமில்லை. மாமியார் வீட்டுக்கு வந்தால் மருமகள் பிறந்தகம் போவாள், மருமகள் திரும்பினால் மாமியார் கிளம்புவாள் என்கிற கணக்கு.

இதற்குக் கம்பாசிட்டர்கள் கண்ட பரிகாரங்கள் பல. வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகிப் பக்கத்தை நீட்டுவார்கள். குறிப்பை இரண்டாக உடைத்துப் பாதியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவார்கள். ஒன்றும் பலிக்காவிட்டால் ஆசிரியருக்கு ஆள் அனுப்பி, ‘ஒரு வரி குறைத்துக் கொடுக்க முடியுமா?’ என்று கேட்பார்கள். நம்முடைய பல பெரிய புத்தகங்களில் ஒரு வாக்கியம் சட்டென்று முடிந்துவிடுவதைக் கண்டு நாம் அதை ஆசிரியரின் நடையழகு என்று மெச்சுகிறோம். அதில் கம்பாசிட்டருக்கு எவ்வளவு பங்கோ, யார் கண்டது!

இந்தச் சிக்கலை முற்றிலும் கணக்காகப் பார்த்த மனிதர் அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் டொனால்டு கனூத். கம்ப்யூட்டர் சாஸ்திரத்தைப் பற்றிப் பல பாகங்களாக ஒரு பெரிய நூல் எழுதி வருகிறவர். அதன் முதல் பாகம் 1968-இல் பழைய முறையில், உருக்கிய ஈயத்தில் வார்த்துக் கோத்து அழகாக வெளிவந்தது. 1977-இல் இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்கு, போட்டோ முறையில் கோத்த புரூப் வந்தது. எழுத்துக்களின் லட்சணத்தைப் பார்த்தார், மனம் நொந்துவிட்டார். நாமாக இருந்தால் அச்சகத்துக்கு ஒரு கோபக் கடிதம் எழுதியிருப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய நூலை ஓரமாக வைத்துவிட்டு, அச்சுக்கோக்கும் முறை ஒன்றையே கம்ப்யூட்டருக்காகப் புதிதாக உண்டாக்கத் தொடங்கினார். சில மாதங்களில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை சுமார் பத்து வருஷத்தைச் சாப்பிட்டுவிட்டது. அதுதான் ‘டெக்’. அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் 1980-களில் கட்டிய மாடிதான் ‘லேடெக்’. எங்கள் எதிர் வீட்டுப் பிள்ளையாண்டான் குடியிருப்பது இந்த மாடியில். திருவனந்தபுரத்தில் 1998-இல் இதற்கென்று ஓர் இந்தியச் சங்கமே ஏற்பட்டு, 2002-இல் உலக மகாநாடும் அங்கே நடந்திருக்கிறது.

கனூத் கம்பாசிட்டரின் மாமியார்-மருமகள் சண்டையைத் தீர்த்த விதம் சுவாரஸ்யமானது. தீர்க்கவில்லை, அபராதம் போட்டுவிட்டார்! பக்கத்தை எந்த வரியில் முறிக்கலாம் என்று யோசிக்கும்போது யந்திரம் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அபராதத் தொகை கணக்கிடும். பத்தியின் ஒற்றை வரி அனாதையாக நின்றால் இவ்வளவு அபராதம். வரிகளை அதிகம் இழுத்து நீட்டினால் இவ்வளவு. குறிப்பை நடுவில் உடைத்தால் இவ்வளவு. மொத்த அபராதம் எங்கே குறைவோ அங்கே முறிக்கும். குறிப்பை உடைப்பதற்கு வழக்கமான அபராதம் நூறு. பத்தாயிரம் என்று மாற்றி எழுதினால் ‘உயிர் போனாலும் உடைக்காதே’ என்று அர்த்தம். தர்ம சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் சொன்ன மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். பையன் சிரித்தான்.

அவனிடம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டவற்றில் இன்னும் சில. நூல் பத்துப் பாயிண்ட் எழுத்தென்றால் குறிப்பு எட்டுப் பாயிண்ட். அது யந்திரத்தின் இயல்பான ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு பக்க அகலத்தில் பத்தில் நாலு பங்கு நீளம். அந்தக் கோட்டை இழுக்கும் விதத்தில் ஒரு தந்திரம்: பேனா மூன்று பாயிண்ட் மேலே ஏறும், பாயிண்டில் பத்தில் நாலு பங்கு கனத்துக்குக் கோடு போடும், பிறகு இரண்டு புள்ளி ஆறு பாயிண்ட் கீழே இறங்கும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். அதாவது கோடு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பக்கத்தில் இடமே எடுத்துக்கொள்ளவில்லை! கோட்டின் கனத்தை மாற்றுகிறவன் இந்தக் கணக்கையும் சேர்த்து மாற்றாவிட்டால் கீழே உள்ளதெல்லாம் ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரம், கத்தி, இரட்டைக் கத்தி என்று குறி போடச் சொல்லலாம். ஆனால் ஒன்பது குறிகள்தான் அதன் கையிருப்பு. பத்தாவது குறிப்பு வந்தால், எண்ணிக்கை மிஞ்சிவிட்டது என்று மக்கர் பண்ணும். பக்கத்துக்குப் பக்கம் முதலிலிருந்து எண்ணச் சொன்னால் பிழைத்துக்கொள்ளும். அதற்கு வேறு பொட்டலம் சேர்க்க வேண்டும்.

இனி விவகாரத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு நடுவே அவனுக்குத் தமிழ் வேலை ஒன்று வந்தது. பழைய சிற்றிலக்கியம் ஒன்றின் பதிப்பு. நூலின் பெயரும் வேண்டாம், பதிப்பகத்தின் பெயரும் வேண்டாம். காலஞ்சென்ற ஒரு புலவர் பல ஏடுகளை ஒப்பிட்டு, பாட்டுக்குப் பாட்டு, அடிக்கு அடி, பாடபேதம் குறித்து வைத்திருந்தார். பக்கத்துக்குப் பத்து, பதினைந்து குறிப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு சொல், மூன்று சொல். ஒவ்வொன்றும் ஒரு வரியை அடைத்துக்கொண்டு நின்றபடியால், மேலே நாலு வரிப் பாட்டு, கீழே முக்கால் பக்கம் ஏணிப்படி மாதிரிக் குறிப்பு. புத்தகம் ஊதிப் பெருத்துவிட்டது. பதிப்பாளர் போன் பண்ணினார்.

“யார் தம்பி இதையெல்லாம் படிக்கப் போறாங்க? பாடபேதத்தை எடுத்துடு. இல்லேன்னா மொத்தமாக் கடைசியிலே தள்ளிடு. காகிதம் விக்கிற விலையிலே நான் புள்ளி விவரமா போட முடியும்?”

பையன் என்னிடம் வந்தான். “அண்ணே, நீங்க புத்தகம் எழுதுறவங்க. நீங்களே சொல்லுங்க. எடுத்துடலாமா?”

பதிப்பாளர் கேட்டதிலும் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புத்தகத்தை வாங்கப் போகிற முந்நூறு பேரில் கோட்டுக்குக் கீழே இறங்குகிறவர் பத்துப் பேர் தேறுவார்களா? கதைக்காரனாகிய எனக்கோ அடிக்குறிப்பு ஜன்ம விரோதி. ஆனால் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு குறிப்பில் புலவர், நான் மேலே சொன்ன ரகர-துணைக்கால் மயக்கத்தைத்தான் காட்டியிருந்தார்; இரண்டு ஏடுகளில் ஒரு விதம், மற்றொன்றில் மற்றொரு விதம். தாம் மேலே அச்சிட்ட பாடத்தைப் பற்றித் தமக்கே நிச்சயமில்லை என்பதையும் சொல்லியிருந்தார். அவர் பார்த்த ஏடுகளில் ஒன்று இப்போது இல்லை. வீடு கைமாறியபோது எங்கோ போய்விட்டது என்று பையன் சொன்னான். ஆக, அந்த ஏட்டில் இருந்த பாடம் உலகத்திலேயே உயிரோடிருக்கிற இடம் அந்தக் கையெழுத்துக் கட்டு ஒன்றுதான். எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் தள்ளு என்று சொல்லவும் வரவில்லை. பாட்டைப் படிக்கிறவன் சந்தேகப்பட வேண்டிய சமயம், அந்தச் சொல்லைப் படிக்கிற சமயம்தான். இருநூறு பக்கம் தள்ளிப் போன பிறகு அல்ல.

“எடுக்காதே தம்பி. இடத்தைக் குறைக்க வழி இருக்கா பாரு” என்றேன்.

வழி இருந்தது. கனூத் 1984-இல் தமது முறைக்கு எழுதிய விளக்க நூலில், ‘அழுக்குத் தந்திரங்கள்’ என்று அவரே பெயர் வைத்த ஓர் அநுபந்தம் இருக்கிறது. அதில் ஒன்று: குட்டிக் குட்டிக் குறிப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்காமல், ஒரே பத்தியாக ஓட விடுவது. கேட்கச் சுலபம். ஆனால் குறிப்புகள் மொத்தம் எத்தனை வரி வரும் என்று தெரியாமல் பக்கத்தை முறிக்க முடியாது. பக்கத்தை முறிக்காமல் எந்தெந்தக் குறிப்பு அந்தப் பக்கத்தில் வரும் என்று தெரியாது. மறுபடியும் மாமியார்-மருமகள்! இதற்கு அவர் செய்த உபாயம் செட்டியார் கடைக் கணக்கு. வரியின் அகலம் நாலு அங்குலம், குறிப்பின் நீளம் ஓர் அங்குலம் என்றால், அந்தக் குறிப்புக்குக் கால் வரி உயரம் என்று பொய்யாக எழுதிக்கொள்கிறது யந்திரம். உலகத்தில் கால் வரி உயரம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் நாலு கால் சேர்ந்தால் ஒரு வரி சரியாகிவிடுகிறது. பக்கம் முறிந்த பிறகு எல்லாவற்றையும் பிரித்து ஒரே பத்தியாகக் கொட்டிவிடுகிறது.

இதைப் பழைய சுவடிகளைப் பதிப்பிப்பதற்கென்றே விரித்தவர்கள் இருவர்: ஜான் லவாக்னினோ, டொமினிக் உஜஸ்டிக். முதல்வர் பழைய ஆங்கில நாடகாசிரியர் மிடில்டனைப் பதிப்பித்தவர்களில் ஒருவர். இரண்டாமவர் வடமொழிச் சுவடிகளில் உழைப்பவர். 1990 வாக்கில் ‘எட்மாக்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். அதன் வாரிசுகள் இப்போது லேடெக்கில் இருக்கின்றன. பாட்டில் குறியே போடாமல் அடி எண்ணைக் கொண்டு குறிப்பைச் சுட்டலாம். பாடபேதத்துக்கு ஒரு வரிசை, விளக்கத்துக்கு ஒரு வரிசை என்று பக்கத்தின் அடியில் அடுக்கடுக்காக வைக்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் வேறு வேறு நடை கொடுக்கலாம். பாட்டில் குறி இல்லாமல் போனது தமிழுக்கு விசேஷ லாபம். நம் எழுத்துக்குத் தலைக்கு மேலே விசிறியும் சுழியும் புள்ளியும் ஏற்கெனவே இருக்கின்றன. ‘கீ’ என்ற எழுத்தின் தோளில் ஒரு குட்டி எண்ணையும் ஏற்றினால் புத்தகம் பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும்.

பையன் பத்து நாள் மல்லாடினான். ஆங்கிலத்துக்கு எட்டுப் பாயிண்ட் போதும்; தமிழுக்குப் போதாது. ‘ணை’யும் ‘னை’யும் ஒன்றாகத் தெரியும் எழுத்தில் பாடபேதம் போடுவதைவிட வேடிக்கை வேறு உண்டா? ஒன்பதாக்கினான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரிக் கடைசியில் உடைக்க இடம் தெரியாமல் யந்திரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதற்கும் விதி சொல்லிக் கொடுத்தான். முடிவில் முக்கால் பக்க ஏணிப்படி நாலு வரிப் பத்தியாகச் சுருங்கிற்று. புத்தகம் பாதிக்குச் சற்று மேலாக இளைத்தது. பதிப்பாளர் பக்க எண்ணிக்கையைக் கேட்டார். பாடபேதத்தைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் ஒரே ஒரு பக்கம் தகராறு செய்தது. புலவர் தம் நிச்சயமின்மையைச் சொல்லியிருந்த அந்த விளக்கக் குறிப்பு, யந்திரம் போட்ட கணக்கில் இரண்டாக உடைந்து, அவர் சந்தேகப்படும் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. பையன் அபராதத்தை நூறிலிருந்து பத்தாயிரமாக்கினான். குறிப்பு முழுசாக, தன் பாட்டோடு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது. முந்திய பக்கத்தில் ஆறு வரி இடம் வெறிச்சென்று கிடந்தது.

“பார்க்க நல்லா இல்லையே அண்ணே” என்றான்.

“விடு தம்பி” என்றேன்.

அப்படியேதான் அச்சாகியிருக்கிறது.